செவ்வாய்க்கிழமைச் சப்பாத்து

வலது கை சுத்தியலைத் தலைக்கு அருகில் குட்டையாகப் பிடித்திருக்கிறது. இடது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் முக்கால் அங்குல ஆணி ஒன்றை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. இரும்புக் கால் அச்சில் கவிழ்த்து மாட்டிய உதைபந்தாட்டப் பூட்ஸின் அடியில் கறுத்த ரப்பர்க் குமிழ் ஒன்று தன் இடத்தில் இருக்கிறது. மெல்லத் தட்டி ஆணியை ஊன்றி, விரல்களை எடுத்து, இரண்டு அடி. ஆணி இறங்கிவிட்டது. குமிழ் ஒன்றுக்கு மூன்று ஆணிகள். பூட்ஸ் ஒன்றுக்கு ஆறு குமிழ்கள்: முன்பாதத்தில் நான்கு, குதிக்காலில் இரண்டு. ஒவ்வொரு குமிழ் முடிந்ததும் இடது கை பூட்ஸுக்குள் நுழைந்து உள்தோலைத் தடவுகிறது. ஆணி முனை விரலில் தட்டுப்பட்டால் ஆடுபவனின் பாதத்திலும் தட்டுப்படும். அப்போது குமிழைப் பிடுங்கி மறுபடியும் தொடங்க வேண்டும். இன்று இரண்டு தடவை பிடுங்கியாயிற்று. வழக்கத்தில் ஒரு தடவைகூடப் பிடுங்க நேராத கைகள் இவை.

1971 மே மாதத்துச் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. எசன் நகரின் வடபுறத்தில், கால்வாயை ஒட்டிய ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்தின் நிலவறை. மேலே கழகத்தின் மதுக்கடையில் குவளைகள் கழுவும் சத்தம். வேலை முடிந்த பூட்ஸ்கள் மேசையில் சோடி சோடியாக வரிசையில் நிற்கின்றன. வரிசைக்கு வெளியே, மேசையின் மூலையில், ஒரு சோடி தனியாக இருக்கிறது. காலையிலிருந்து கைகள் அதை நான்கு தடவை எடுத்துப் பார்த்து, நான்கு தடவையும் அதே மூலையில் வைத்துவிட்டன.

அந்த மூலைச் சோடி கைகளுக்கு உரியவருடையது. உமாபதி, வயது முப்பத்துமூன்று, இயந்திரத் தொழிற்சாலையில் பொருத்துநர், கழகத்தின் நடுக்கள ஆட்டக்காரர், போன வருடத்திலிருந்து அதன் பயிற்சியாளரும். நாளை பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் கழகம் இந்தப் பிரிவில் நிலைக்கும். தோற்றால் கீழே இறங்கும். ஆடுபவர்களின் பட்டியலை எழுதுவது அவர் வேலை. அதில் தன் பெயரை எழுதுவதா விடுவதா என்பதுதான் இரண்டு கிழமைகளாக அவரை ஓரிடத்தில் இருக்க விடாமல் செய்கிறது.

ஓரிடத்தில் இருப்பது அவருக்கு முன்பும் கூடி வந்ததில்லை. தொழிற்சாலையில் அவர் ஒரே மேசையில் நிற்கமாட்டார் என்று கண்ட மேற்பார்வையாளர், வெளி இடங்களுக்குப் போய் இயந்திரம் பூட்டும் வேலைக்கு அவரை மாற்றிவிட்டார். வீட்டில் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்தபடிதான் சாப்பிடுவார். மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்யும் அவர் மனைவி கண்மணி 1967இல் இங்கே வந்து சேர்ந்த முதற் கிழமையிலேயே கேட்டுவிட்டார்.

"இஞ்சருங்கோ, கதிரையில முள்ளு ஏதும் கிடக்கோ? ஒருக்கால் இருந்து சாப்பிடுங்கோவன்."

"இருந்தால் சோறு இறங்காது."

"நடந்தால் எனக்குத் தலை சுத்துது."

உமாபதி அரியாலையில் பிறந்தவர். அங்கே அவர் ஆடிய நாட்களில் பூட்ஸ் என்பது கொழும்புக் கழகங்களின் சங்கதி. அரியாலைப் பொடியன்கள் கணுக்காலையும் பாதத்தின் மேற்பக்கத்தையும் வெள்ளைத் துணிப் பட்டியால் எட்டு வடிவில் இறுகச் சுற்றிக்கொள்வார்கள். உள்ளங்கால் திறந்திருக்கும். பந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது, எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதெல்லாம் உள்ளங்காலுக்குத்தான் முதலில் தெரியும். ஆட்டம் முடிந்ததும் ஒருவர் பாதத்தை மற்றவர் மடியில் வைத்து முள்ளுப் பார்ப்பார்கள். யாருடைய பாதம் எங்கே காய்த்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கொழும்பில் பஸ் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது, மேற்கு ஜெர்மனியில் இரண்டு வருடத் தொழிற்பயிற்சிக்கு அவரைத் தெரிவு செய்தார்கள். 1962 ஆகஸ்டில் எசனுக்கு வந்தார். பயிற்சி முடிந்தபின் தொழிற்சாலை அவரை வைத்துக்கொண்டது. அதற்கெல்லாம் முன்பே, வந்த மூன்றாம் மாதத்தில், அவர் தன்னுடைய முதல் ஆட்டத்தை ஆடி, இந்த ஊரில் எவரும் செய்யாத பிழையையும் செய்து முடித்திருந்தார்.

நவம்பர் மாதத்து ஞாயிறு. இரவல் பூட்ஸ். முதற் பாதி முழுவதும் பந்து அவர் காலில் பட்டு மரக்கட்டையில் பட்டதுபோல் தெறித்துப் போனது. கழகத்தின் தலைவரும் மதுக்கடைக்காரருமான வில்லி பொட்ஹோஃப் ஓரத்தில் நின்று, எங்கே இருந்து இந்த ஆளைப் பிடித்தீர்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். இடைவேளையில் உமாபதி பூட்ஸைக் கழற்றி வைத்தார். பையில் கொண்டுவந்திருந்த துணிப் பட்டியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலுடன் மைதானத்தில் இறங்கினார்.

அந்த மைதானத்தில் புல் இல்லை. உலைக் கசட்டை இடித்துப் பரப்பிய செந்நிறத் தரை அது. பார்வைக்கு அவருக்கு ஊர்ச் செம்பாட்டு மண் போலவே இருந்தது. கால் வைத்தபின்தான் அது மண் அல்ல, கண்ணாடித் துண்டு என்று தெரிந்தது. ஆனாலும் பந்து அவரோடு பேசத் தொடங்கிவிட்டது. இருபது நிமிடம் அவர் விட்ட இடத்துக்குப் பந்து போனது. இரண்டு கோல்கள் அவர் கொடுத்த பந்தில் விழுந்தன. கடைசியில் முறைப்பாடு செய்தவர் எதிரணியின் பின்வரிசைக்காரர். ஆறடி உயரச் சுரங்கத் தொழிலாளி. நடுவரிடம் போய், இந்த மனிதனுக்கு விரல்கள் தெரிகின்றன, எனக்கு மிதிக்கப் பயமாக இருக்கிறது என்றார். நடுவர் குனிந்து பார்த்தார். பூட்ஸ் போட்டு வா என்று அனுப்பினார். பாதம் வீங்கியிருந்ததால் பூட்ஸ் ஏறவில்லை. மீதி ஆட்டத்தைக் கழகம் பத்துப் பேரோடு ஆடியது.

மூன்று கிழமை நொண்டியபடி வேலைக்குப் போனார். அன்றிலிருந்து அவருக்குக் கழகத்தில் 'பார்ஃபுஸ்' என்று பெயர். வெறுங்கால் என்று அர்த்தம். பொட்ஹோஃப் அவரை நேரில் அழைப்பதும் அப்படித்தான்.

பூட்ஸைத் தன் பாதம் போல் ஆக்குவது எப்படி என்ற கேள்வி அவரை அதற்குப்பின் விடவில்லை. உள்ளே இருந்த தடித்த அட்டையைப் பிடுங்கினார். வெந்நீரில் நனைத்து, ஈரத்தோடு காலில் மாட்டி, கால்வாய்க் கரையில் காயும்வரை நடந்தார். அடுத்து அடிக்குமிழ்களில் கை வைத்தார். தோலில் செய்த குமிழ்களைச் செந்தரை நான்கு ஆட்டத்தில் தின்றுவிடும். கழகத்தின் கோல் காப்பாளர் ஹைனர் சுரங்கத்தில் வேலை செய்தவர். அவருடைய சுரங்கம் மூடப்பட்டபோது, நிலக்கரி ஓடும் பட்டையில் ஆறு அடித் துண்டு ஒன்றைத் தோளில் சுமந்துவந்து நிலவறையில் போட்டார். ரப்பரும் கித்தானும் அடுக்கடுக்காக ஒட்டிய பட்டை. உமாபதி தொழிற்சாலையில் கழிவாகக் கிடந்த உருக்குக் குழாய்த் துண்டின் விளிம்பைக் கூராக்கி ஒரு வெட்டுக்கருவி செய்தார். ஓர் அடியில் ஒரு வில்லை விழும். மூன்று வில்லைகளை ஒட்டினால் பதினைந்து மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு குமிழ்.

முதலில் தன்னுடையதற்கு. பிறகு ஹைனர் கேட்டார். பிறகு எல்லோரும். சனிக்கிழமைப் பிற்பகல்கள் அந்த நிலவறையில் கழிந்தன. அங்கே மட்டும் அவர் ஒரு முக்காலியில் இருப்பார். கைகள் நடந்துகொண்டிருப்பதால் கால்களுக்கு அவசரம் இல்லை.

"இதை மட்டும் என்ர அப்புவுக்கு எழுதிப் போடாதேங்கோ," என்றார் கண்மணி. "ஜேர்மனியில பெரிய வேலை எண்டு சொல்லித்தான் என்னைக் கட்டித் தந்தவை. சனங்களின்ர சப்பாத்துத் தைக்கிறியள் எண்டு கேள்விப்பட்டால் மனுசன் படுக்கையில விழுந்திடுவார்."

"தைக்கேல்ல. ஆணி அடிக்கிறன்."

"ஓம், அது பெரிய வித்தியாசம்தான்."

ஆணி அடித்ததில் அவர் வேறொன்றையும் படித்தார். தேய்ந்த குமிழ் ஆடியவனைப் பற்றிச் சொல்லும். வலது ஓர ஆட்டக்காரனின் குதிக்குமிழ்கள் மட்டும் தேய்ந்திருந்தால், அவன் பந்தைத் தொடர்ந்து ஓடாமல் மோதலுக்குப் பயந்து குதிக்காலில் நிறுத்துகிறான். முன் நடுவில் ஆடிய யூகோஸ்லாவியர் ஸ்லாவ்கோவின் பூட்ஸில் முன் நான்கும் கரைந்து, பின் இரண்டும் புதிதாகவே இருந்தன. அவர் எப்போதும் விரல்நுனியில் நின்றார். அதனால்தான் கோல் போட்டார். உமாபதி தொழிற்சாலை அளவுகோலால் ஒவ்வொரு குமிழையும் சனிக்கிழமை தோறும் அளந்து ஒரு கொப்பியில் எழுதினார். ஒருமுறை பின்வரிசைக்காரர் ஒருவர் புதன்கிழமைகளில் தனியாக ஓடிப் பழகுவதாகச் சொன்னார். உமாபதி கொப்பியைப் பார்த்துவிட்டு, "எந்தச் சப்பாத்தோட?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆள் அடுத்த புதன் உண்மையாகவே ஓடினார்.

1970இல் பழைய பயிற்சியாளர் வேலை தேடித் தெற்கே போய்விட்டார். பாதிச் சுரங்கங்கள் மூடியிருந்தன. ஆட்டக்காரர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். பொட்ஹோஃப் நிலவறைக்கு இறங்கிவந்து, "பார்ஃபுஸ், நீயே ஆடு, நீயே பழக்கு. ஒரு ஆளுக்குச் சொல்ற நன்றியில ரெண்டு வேலை," என்றார். உமாபதி சம்மதித்தார்.

பயிற்சியாளர் ஆனதும் அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஆட்டத்துக்கு முன் யார் ஆடுகிறார்கள் என்று வாசித்துச் சொல்வதில்லை. உடை மாற்றும் அறையில், இலக்க ஒழுங்கில், ஆடுபவரின் பூட்ஸை அவர் கையிலேயே கொடுப்பார். முதலாம் இலக்கம் ஹைனருக்கு. அப்படியே பதினொன்று வரை, பிறகு மாற்று ஆட்டக்காரர் இருவர். தன்னுடைய இலக்கம் ஆறு வரும்போது தன் பூட்ஸைச் சுவரோர நீள் இருக்கையான வாங்கிலில் வைத்துவிட்டு ஏழுக்குப் போவார். கையில் பூட்ஸ் வராதவருக்கு அன்று ஆட்டம் இல்லை. அவருடைய சோடி செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில்தான் கிடைக்கும்.

இஸ்மெத்துக்கு எப்போதும் செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது. துருக்கியர், இருபத்தாறு வயது, இன்னும் மூடப்படாத ஒரு சுரங்கத்தில் வேலை. உமாபதி ஆடும் அதே நடுக்கள இடது இடம்தான் அவருக்கும். அந்த லீக்கில் ஒரு கழகம் தன் பட்டியலில் இரண்டு வெளிநாட்டவரையே எழுதலாம். மாற்று ஆட்டக்காரர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. கோல் போடும் ஸ்லாவ்கோ ஒருவர். உமாபதி மற்றவர். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. இஸ்மெத் நிலத்துக்கடியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு எல்லாப் பயிற்சிக்கும் வருவார். ஞாயிறுகளில் சுண்ணாம்பு வாளியை எடுத்து மைதானத்துக்குக் கோடு போடுவார். மற்றவர்கள் அவருக்குச் செவ்வாய்க்கிழமை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். எனக்கு எப்போது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

கேள்வி வேறொரு இடத்திலிருந்து வந்தது. சேஷாத்ரி சென்னைக்காரர். எசனில் ஒரு நிலக்கரி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். உதைபந்தாட்டத்தில் துளியும் ஆர்வம் இல்லை. தமிழில் பேச ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகச் சனிக்கிழமைகளில் நிலவறைக்கு வருவார். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமையும் வந்து, மாடியிலிருந்து வரும் வறுத்த இறைச்சி வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஐயர், வெளியில காத்து நல்லா இருக்கு. அங்க இருக்கலாமே?" என்றார் உமாபதி.

"எத்தனை தடவை சொல்றது மிஸ்டர் உமாபதி, நான் ஐயர் இல்லை, ஐயங்கார்."

"உதைபந்துக்கு ரெண்டும் ஒண்டுதான். ரெண்டு பேரும் மாட்டுத்தோல் பந்தைத் தொடமாட்டியள்."

சேஷாத்ரி சிரித்துக்கொண்டே கொப்பியை இழுத்து வைத்துப் புரட்டினார். எண்களைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "அடடே, இது பக்காவான டேட்டா. ஒவ்வொரு ஸ்டட்டும் தனித்தனியா, ஒரு வருஷம் பூரா. எங்க லேப்ல சில பேர் இவ்வளவு சிஸ்டமாட்டிக்கா எழுதறதில்லை." பக்கங்களை முன்னும் பின்னும் தள்ளினார். "ஆமா, இதுல உங்களுது எங்கே?"

"என்ரயோ? என்ர இன்னும் தேயேல்ல. போன ஆகஸ்டில அடிச்சது, அப்பிடியே கிடக்கு. பட்டையில நல்ல துண்டு எனக்கு வந்திட்டுது போல."

"எல்லாருக்கும் அதே பட்டைதானே?"

"ஓம்."

"அதே ஆணி, அதே தரை. நீங்க எல்லா மேட்சும் ஆடறேள், பிராக்டிஸும் பண்றேள்." சேஷாத்ரி மூக்கிலிருந்து கையை எடுத்தார். "அப்போ ஏன் தேயலை?"

அவர் அதை ஆய்வுக்கூடத்தில் கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டார். உடனே சென்னை வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அவர் போனபின் உமாபதி தன் பூட்ஸைக் கவிழ்த்து அளவுகோலை வைத்தார். வலது காலில் பதினொன்று மில்லிமீட்டர். இடது காலில் பதின்மூன்றரை. ஒன்பது மாதத்தில் இடது காலில் ஒன்றரை மில்லிமீட்டர்தான் குறைந்திருந்தது. பக்கத்தில் இருந்த இஸ்மெத்தின் சோடியை எடுத்தார். மார்ச் மாதத்தில் அடித்தது, பயிற்சியில் மட்டும் ஓடியது. குமிழ்கள் ஆணித்தலை வரை கரைந்திருந்தன.

இடது முழங்காலில் போன வருடத்திலிருந்தே ஒரு பிடிப்பு இருந்தது. அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தார்.

நிலவறையில் இருக்க முடியாமல் வெளியே வந்து, கால்வாய்க் கரையோடு இரண்டு பாலம் தூரம் நடந்து, திரும்பி நடந்து, வீட்டுக்குப் போனார். கண்மணி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு தோறும் மைதான ஓரத்தில் மடிப்புக் கதிரையில் இருந்து கம்பளிச் சட்டை பின்னுபவர் அவர். ஆட்டத்தின் விதிகள் அவருக்குத் தெரியாது. கணவரை மட்டும் பார்ப்பார்.

"நான் விளையாடேக்கை ஓடுறனானோ?" என்று உமாபதி கேட்டார்.

"இதென்ன கேள்வி?"

"சொல்லுமன்."

"உங்களை நான் ஓடிக் கண்டது இந்த வீட்டுக்குள்ளதான்." கண்மணி கிழங்கைக் கழுவிச் சட்டியில் போட்டார். "அங்க நீங்கள் நடுவில நிண்டு கையைக் காட்டுவியள், மற்றவை ஓடுவினம். பந்து உங்களிட்ட வரும், ஒரு தட்டுத் தட்டுவியள். அதைப் பாக்கத்தானே நான் குளிருக்க வந்து இருக்கிறனான். கிழமையில அந்த ஒண்டரை மணித்தியாலம்தான் நீங்கள் ஒரு இடத்தில நிக்கிறனீங்கள்."

அவர் ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்து கதவுக்கு.

"ஏன், நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

"இல்லை. சரியாத்தான் சொன்னனீர்."

அதற்குப்பின் வந்த இரண்டு ஞாயிறுகளிலும் தன்னைத்தானே கவனித்துக்கொண்டு ஆடினார். அது ஆட்டமாக இல்லை. முதல் ஞாயிறு எதிரணியின் இளம் ஆட்டக்காரன் ஒருவன் அவருக்கு இடது பக்கமாக ஐந்து தடவை போனான். ஐந்து தடவையும் அவன் எங்கே வெட்டித் திரும்புவான் என்று உமாபதி முன்கூட்டியே கண்டார். ஐந்து தடவையும் போய்ச் சேரவில்லை. இரண்டாம் ஞாயிறு ஓடியே தீருவது என்று ஓடினார். கால் மணியில் முழங்கால் பூட்டிக்கொண்டது. இரண்டு ஆட்டமும் தோல்வி. கடைசி ஆட்டம் மிஞ்சியது.

ஆடாவிட்டால் என்ன என்று யாரும் கேட்கலாம். பயிற்சியாளர் வேலை இருக்கிறதுதானே. ஆனால் ஒன்பது வருடமாக இந்த ஊரில் அவர் பெயர் தெரிந்த இடம் அந்தச் செந்தரை ஒன்றுதான். கிழமை முழுவதும் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, நடுவர் ஊதியதும் அங்கேதான் அடங்கியது. ஓரத்தில் நிற்கிற ஞாயிறு எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார். பின்னாளில் அவர் 1979 வரை பயிற்சியாளராக இருந்தார். மைதானத்தின் நீளப் பக்கத்தில் அவர் ஆட்டம் முழுக்க மேலும் கீழும் நடந்த தடத்தில் மழைநீர் தேங்குகிறது என்று மைதானக் காவலர் முறைப்பாடு செய்தார். அந்தத் தடம் அப்போது இன்னும் விழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை பொட்ஹோஃப் மதுக்கடை மேசைக்குப் பின்னால் நின்றபடி பேச்சைத் தொடங்கினார்.

"ஞாயிறு நீ நடுவில. ஸ்லாவ்கோ முன்னால. சரிதானே, பார்ஃபுஸ்?"

உமாபதி பையிலிருந்து இரண்டு பூட்ஸ்களை எடுத்து, அடி மேலே தெரியும்படி மேசையில் வைத்தார். ஒன்று தன்னுடையது. மற்றது இஸ்மெத்தின்.

"என்ர மேசையில செருப்பா? இதில மனுசர் குடிக்கிறவங்கள்."

"தொட்டுப் பார். இது என்ர, ஒன்பது மாதம். இது அவன்ர, ரெண்டு மாதம்."

பொட்ஹோஃப் தொடவில்லை. ஆனால் பார்த்தார். முப்பது வருடமாகப் பூட்ஸ்களைப் பார்த்தவர். கொஞ்ச நேரம் குவளை ஒன்றைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"அவன் ஒரு ஆட்டம்கூட முழுசா ஆடினதில்லை. செவ்வாய்க்கிழமை ஆள். சனம் உன்னைப் பாக்கத்தான் வருது."

"நான் நிக்கிறதைப் பாக்க வருது."

"நீ நிண்டாலும் பந்து உன்னட்ட வருதே."

"வருது. திரும்பிப் போகேக்கை நான் பின்னால போறேல்ல."

"எனக்கு உன்ர கணக்கு விளங்கேல்ல." பொட்ஹோஃப் குவளையை வைத்தார். "பட்டியல் எழுதுறது நீ. எழுது. ஆனால் தோத்தால் வருசம் முழுக்க மைதானத்தில புல் வெட்டுறதும் நீதான்."

"இஞ்ச புல்லே இல்லையே."

"முளைப்பிச்சு வெட்டு."

அன்றைக்கும் உமாபதி முடிவு சொல்லவில்லை. இரண்டு பூட்ஸையும் பையில் போட்டுக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போன இடத்தில் ஒரு மூடியைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்ட வேண்டியதாயிற்று. ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

இப்போது சனிக்கிழமை. வரிசையில் மற்றச் சோடிகள் முடிந்துவிட்டன. அச்சில் கவிழ்ந்திருப்பது இஸ்மெத்தின் வலது பூட்ஸ். காலையிலேயே தொடங்கி, இரண்டு தடவை பிடுங்கி, மூன்றாவது தடவையாக அடிப்பது. இஸ்மெத் வெளிப்புறமாகச் சாய்ந்து ஓடுபவர்; வெளிப்பக்கக் குமிழ்கள் முதலில் கரையும். ஆகவே வெளிப்பக்கத்துக்குப் பட்டையின் ஓரத்திலிருந்து, நிலக்கரி உரசாத கெட்டியான இடத்தில் வெட்டிய வில்லைகளை வைத்தார். தன்னுடைய சோடிக்கென்று இரண்டு வருடமாகப் பெட்டியில் ஒதுக்கி வைத்திருந்த வில்லைகள் அவை. இரண்டு பூட்ஸின் வெளிப்பக்கக் குமிழ்கள் ஆறுக்கும் சரியாகப் போதுமாயிருந்தன.

கடைசி ஆணி இறங்கியது. இடது கை உள்ளே போய் விரல் நுனி முதல் குதி வரை தடவியது. எங்கும் முனை இல்லை. உமாபதி எழுந்து அந்தச் சோடியை வரிசையில் வைத்தார், ஐந்தாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில். மூலையில் இருந்த தன் சோடியை எடுத்து, இந்தத் தடவை அளக்காமல், வார்களை ஒன்றோடொன்று முடிந்து சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். பிறகு கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பதின்மூன்று பெயர்களை எழுதினார். எழுதிவிட்டு நிலவறையின் நீளத்தைப் பன்னிரண்டு தடவை நடந்தார்.

ஞாயிறு காலை கண்மணி மடிப்புக் கதிரையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். கணவரின் பையில் ஆட்டக் காலுறை இல்லை என்பதைக் கண்டிருந்தார்.

"இண்டைக்கு நான் ஆரைப் பாக்க வாறது?"

"இஸ்மெத்தைப் பாரும்."

"அவன் நிண்டால்தானே பாக்கலாம்," என்றார் கண்மணி. ஆனாலும் கதிரையை விடவில்லை.

உடை மாற்றும் அறையில் ஈரச் சுண்ணாம்பும் மருந்து எண்ணெயும் மணத்தன. பட்டியலை உமாபதி முன்னதாகவே நடுவரின் அறையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஆட்டக்காரர்கள் வாங்கில்களில் சட்டையோடு இருந்தார்கள். வழக்கம்போல் ஒன்றிலிருந்து தொடங்கினார். ஹைனருக்கு அவர் சோடியைக் கொடுத்தார். இரண்டு, மூன்று. நான்காம் இலக்கக்காரர் பூட்ஸை வாங்கி அடியைத் திருப்பிப் பார்த்தார். ஐந்து. அடுத்து, தன் பூட்ஸை வாங்கிலில் வைக்கிற இடம். எல்லோரும் அவர் கையைப் பார்க்காமல் வாங்கிலைப் பார்த்தார்கள்.

உமாபதி வாங்கிலைத் தாண்டி நடந்தார். இஸ்மெத் கதவோரத்தில் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். கோடு போட்டு முடித்து இப்போதுதான் உள்ளே வந்தவர். முழங்கை வரை வெள்ளை. தன் முன்னால் யாரோ நிற்பதை உணர்ந்து நிமிர்ந்தார். பூட்ஸைக் கண்டார். வார்கள் தன்னுடையவை என்று அடையாளம் கண்டார்.

"ட்ரெய்னர்," என்றார் மெதுவாக, "இன்றைக்கு ஞாயிறு."

"தெரியும்."

பின்னால் ஸ்லாவ்கோ தன் காலுறையை இழுத்துவிட்டார். இஸ்மெத் இரண்டு கைகளையும் காற்சட்டையில் துடைத்தார். சுண்ணாம்பு போகவில்லை. மறுபடியும் துடைத்தார்.

"உள்ளுக்குக் கையை விட்டுப் பார்," என்றார் உமாபதி. "ஆணி தட்டுப்பட்டால் இப்பவே சொல்லு. வெளிப்பக்கம் கொஞ்சம் கெட்டியா வைச்சிருக்கிறன், முதல் பத்து நிமிசம் இழுக்கும், பிறகு பழகிடும்."

சொல்லிவிட்டு, ஆறாம் இலக்கச் சோடியை இஸ்மெத்தின் வெள்ளைக் கைகளில் வைத்தார்.